ஆறு சென்டிமீற்றர்

ட்ரூப் கிராமத்துக்கு மேலே
பனி விட்டுப்போகாத சரிவில் நிக்லவுஸின் தொழுவம்.
பெப்ரவரியில் ஒரே இரவில் இரண்டு:
முதலில் நாம்பன், பிறகு நாகு.
இரண்டையும் வைக்கோலால் துடைத்தவன் நான்.

நாகு எழுந்து நிற்க இருபது நிமிடம் எடுத்தது.
நாம்பன் அதற்குள் இரண்டு முறை விழுந்து
ஒரு முறை என் பூட்ஸை நக்கியிருந்தது.
எனக்கு இரண்டும் கன்றுகள்.
நிக்லவுஸ் மட்டும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.
"ட்ஸ்விக்கெ" என்றான்.
யாரையோ வைவது போலிருந்தது.

நான்கு வாரம் கழித்து டொக்டர் ரெகூலா வந்தாள்.
கையில் கண்ணாடிக் குழாய்,
நுனி உருண்டை, தடிப்பு ஒரு பேனை அளவு.
வெந்நீரில் தோய்த்து, களி பூசி,
வாலைப் பிடி என்றாள். பிடித்தேன்.
பதின்மூன்று போக வேண்டுமாம்.
ஆறில் நின்றது.
மறுபடி, கொஞ்சம் சாய்த்து.
ஆறு.
வாலின் கீழே நீண்டு தொங்கிய மயிர்க்கற்றையை
விரலால் விலக்கிக் காட்டினாள்:
"இதுவும் ஓர் அடையாளம்."
கன்றுக்கு அப்போது
என் சட்டைப் பொத்தான்தான் முக்கியமாக இருந்தது.

வயிற்றுக்குள் இரண்டு நஞ்சுக்கொடியும் ஒட்டிப்போனால்
குருதிக் குழாய்கள் கைகோத்துக்கொள்ளும்.
நாம்பனுக்கு முதலில் விதை திரளும்.
அதில் ஊறுவது அதனோடு நிற்காது,
பக்கத்து வீட்டுக்கும் பாயும்.
அங்கே கருப்பை கட்டிக்கொண்டிருந்தவர்கள்
பாதிச் சுவரில் கரண்டியைப் போட்டுவிட்டு
இறங்கிப் போய்விடுவார்கள்.
பேர்ண் பேச்சில் சொன்னாள், பாதி விளங்கியது.
மீதிக்கு, சாணி தெறித்த சுவரில்
சோக்கட்டியால் படம் வரைந்தாள்.

"நாம்பனுக்கு?" என்றேன்.
"அதற்கு ஒன்றுமில்லை. அநேகமாக."

மலடு என்ற சொல் வாய்வரை வந்தது.
எங்கள் பாஷையில் அதைப்
பெண்கள்மேல் எறிந்து எறிந்து
கூராக்கி வைத்திருக்கிறோம்.
ஒரு மாட்டுக்குச் சொல்லவும்
நா எழவில்லை.

கையுறையைக் கழற்றியபடி ரெகூலா சொன்னாள்,
மனிதர் கையிலும் குறி தேடுகிறவர்கள் உண்டாம்:
சுட்டுவிரலைவிட மோதிரவிரல் நீண்டிருந்தால்
கருவில் ஆண்சுரப்பு கூட இருந்ததென்று
அடிமட்டம் வைத்து அளக்கிறார்களாம்.
"நான் நம்புவதில்லை," என்றுவிட்டுத்
தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அன்றிரவு பீலுக்கு அழைத்தேன்.
சாருமதி, எனக்குப் பதினொரு நிமிடம் இளையவள்,
கடிகாரத் தொழிற்சாலையில்
தூசியைவிடச் சின்னத் திருகாணி பூட்டுகிறவள்.
"உன்ரை கையை ஒருக்காக் காட்டு."
"ஏன், சாத்திரமோ?"
"சும்மா."
திரையில் வலக்கை விரிந்தது.
மோதிரவிரல்தான் நீளம்.
எனக்கும் அப்படித்தான்.

மனிதரில் அப்படி நடப்பதில்லை என்று
ரெகூலாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இருந்தேன்.
அவள் காரில் ஏறியபிறகு
கண்ணாடியைத் தட்டி இன்னொருமுறையும் கேட்டேன்.
ஆனாலும் ஏழு வருடம்
பேர்ண் ஆசுப்பத்திரிக்கு ரயிலேறி,
போன மார்கழியில் கோப்பை மூடிவிட்டு வந்தவள் அவள்.
எனக்கு மூன்று பிள்ளைகள்.

"நான் ஏதும் உனக்குத் தந்திட்டனோ?"

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
பின்னால் குக்கர் ஒருமுறை விசிலடித்தது.
"விசரா.
உள்ளுக்கை நீ உதைச்ச உதைதான் வந்தது.
விலா இன்னும் நோகுது."
பிறகு:
"கண்டுக்குப் பேர் வைச்சாச்சோ?"

மே மாதம் லங்னாவ் வண்டியில் ஏறும் கன்றுக்கு
நிக்லவுஸ் பேர் வைப்பதில்லை.
"இனித்தான்" என்றேன்.

காலையில் வாளியைக் காலிசெய்துவிட்டு
என் கையைத் தேடி வந்தது.
நடுவிரலும் மோதிரவிரலும் சேர்த்துக் கவ்வியது.
நாக்கு அரம்போல.
மற்றக் கையில் சாணி வாரி.
கொஞ்ச நேரம் விட்டேன்.